சுவிட்ச்-கேஸ் எங்கே கைவிடும், அப்போது என்ன எழுதலாம்

சுவிட்ச்-கேஸ் என்பது ஒரு மதிப்பைப் பார்த்து எந்தக் கிளை ஓட வேண்டும் என்று பிரிக்கும் நிரல் கட்டளை. அதற்குத் தெரிந்தது ஒரே கேள்விதான்: இந்த மதிப்பும் அந்த மதிப்பும் சமமா? பெரியதா சிறியதா, இந்த வகையைச் சேர்ந்ததா, இந்த வடிவில் இருக்கிறதா என்றெல்லாம் அதற்குக் கேட்கத் தெரியாது. போதாக்குறைக்கு, சமம் என்றால் என்ன என்பதில் ஜாவாஸ்கிரிப்டுக்கும் பிஎச்பிக்கும் ஒத்துப்போகாது. பைத்தானும் ரூபியும் தனி வழி. வெப் வேலையில் ஒரே நாளில் இரண்டு மூன்று மொழிகளைத் தொட வேண்டியிருக்கிறது. ஒன்றில் பழகிய கை இன்னொன்றிலும் அப்படியே எழுதிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. தவறான கிளை மட்டும் சத்தமில்லாமல் ஓடும்.

நான் சர்வர் பக்கம் பிஎச்பியும் பிரவுசர் பக்கம் டைப்ஸ்கிரிப்டும் எழுதுகிறவன். அதைவிட அதிகமாக, மற்றவர்கள் எழுதியதை ரிவ்யூ பார்க்கிறவன். சுவிட்ச் மேல் எனக்குப் பகை ஒன்றும் கிடையாது. ஆனால் ரிவ்யூவில் ஒரு சுவிட்ச் கண்ணில் பட்டால் சில இடங்களைப் பார்க்காமல் நகர மாட்டேன். அந்த இடங்கள் எவை, சிக்கல் இருந்தால் என்ன மாற்றச் சொல்வேன் என்பதை எழுதுகிறேன். கோடு (code, நிரல்) வரிகளையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். அமைப்பு புரிந்தால் போதும்.

மதிப்பு எங்கிருந்து வருகிறது?

ஜாவாஸ்கிரிப்டின் சுவிட்ச் மூன்று சமக்குறி (===) கணக்கில்தான் ஒப்பிடும். வகை வேறானால் பொருந்தாது. நீங்கள் எழுதியது கேஸ் 1. உள்ளே வருவது '1' என்ற ஸ்ட்ரிங், அதாவது எழுத்துத் தொடர். நேராக டிஃபால்ட்டுக்கு, அதாவது எதுவும் பொருந்தாதபோது ஓடும் கிளைக்குப் போய்விடும். இது தெரிந்த விஷயம்தானே என்று தோன்றும். ஆனால் பிரவுசரில் எண் போலத் தெரிபவற்றில் பெரும்பாலானவை ஸ்ட்ரிங்தான்: இன்புட் பெட்டியின் வேல்யூ (அதன் டைப் நம்பர் என்றிருந்தாலும்), செலக்ட் பெட்டியின் வேல்யூ, டேட்டா ஆட்ரிபியூட்கள், லோக்கல் ஸ்டோரேஜில் போட்டு எடுப்பவை, யூஆர்எல்லில் கேள்விக்குறிக்குப் பின்னால் வருபவை. ஜேசனில் (தரவைப் பரிமாறும் எழுத்து வடிவம்) எண்ணாக எழுதியது மட்டும் எண்ணாகவே வந்து சேரும். அதனால்தான் ஏபிஐயிலிருந்து (நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வழி) வரும் தரவுக்குச் சரியாக ஓடும் சுவிட்ச், அதே தரவு ஃபார்மிலிருந்து வந்தால் ஓடுவதில்லை.

இதற்குப் பலரும் உடனே நம்பர்() போட்டு மாற்றிவிடுகிறார்கள். அங்கேயும் ஒரு குழி இருக்கிறது. நம்பர்() காலி ஸ்ட்ரிங்கைச் சுழியமாக்கும். ‘எதுவும் இல்லை’ என்பதைக் குறிக்கும் நல் (null) மதிப்பையும் சுழியமாக்கும். கேஸ் 0 என்று ஒன்று இருந்தால், பயனர் எதையுமே தேர்ந்தெடுக்காதபோதும் அந்தக் கிளை ஓடும். பார்ஸ்இன்ட் போட்டாலோ, '12' என்பதற்குப் பின்னால் என்ன குப்பை ஒட்டியிருந்தாலும் 12 என்று எடுத்துக்கொள்ளும். என் வழக்கம்: மதிப்பை எண்ணாக மாற்றுவதற்குப் பதில் கேஸ்களை ஸ்ட்ரிங்காக எழுதிவிடுவது. கேஸ் '1', கேஸ் '2'. நிலைக் குறியீட்டையோ ஐடியையோ யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லை; அது எண்ணாக இருந்தே தீர வேண்டும் என்ற அவசியம் என்ன? உண்மையிலேயே எண் வேண்டும் என்றால் மாற்றுவதை டேட்டா உள்ளே நுழையும் இடத்திலேயே, காலியா என்று சோதித்துவிட்டு, ஒரே தடவை செய்யுங்கள். சுவிட்சின் அடைப்புக்குறிக்குள் போய் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

மூன்று சமக்குறியால் வரும் இன்னும் இரண்டு விளைவுகள் உண்டு. ‘எண் அல்ல’ என்பதைக் குறிக்கும் நேன் மதிப்பு தனக்குத்தானே சமமில்லாதது. ஆகவே கேஸ் நேன் என்று எழுதினால் அது எந்தக் காலத்திலும் பொருந்தாது. டைப் நம்பர் பெட்டியைக் காலியாக விட்டுவிட்டு வேல்யூஆஸ்நம்பர் கேட்டால் கிடைப்பது அந்த நேன்தான். அதேபோல் ஆப்ஜெக்டையும் அரேயையும் உள்ளடக்கம் பார்த்து ஒப்பிடாது. நினைவகத்தில் அதே ஆப்ஜெக்டா என்றுதான் பார்க்கும். கேஸில் புதிதாக ஓர் அரேயை எழுதி வைத்தால் அது வெறும் அலங்காரம்.

தமிழ் ஸ்ட்ரிங்கை கேஸில் வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைப்பது ஒன்று. எகரக் குறியையும் கால் குறியையும் தனித்தனியாக வைப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், சமக்குறிக்கு மட்டும் வேறு வேறு. எந்த விசைப்பலகையில், எந்த மென்பொருளிலிருந்து ஒட்டியது என்பதைப் பொறுத்து எது வேண்டுமானாலும் வரலாம். சுவிட்சுக்குக் கொடுக்கும் முன் நார்மலைஸ்() வழியாக அனுப்புங்கள். ஜாவாஸ்கிரிப்டில் அது இயல்பாகவே ஒரே குறியீடாகச் சேர்த்த என்எஃப்சி வடிவம் தரும். பிஎச்பியில் இன்டில் எக்ஸ்டென்ஷனில் உள்ள நார்மலைசர் கிளாஸ் அதே வேலையைச் செய்யும்.

பிஎச்பியில் நேர் எதிர்ச் சிக்கல்

பிஎச்பியின் சுவிட்ச் இரண்டு சமக்குறிக் கணக்கில் (==) ஒப்பிடும். வகை வேறானாலும் மாற்றிப் பார்த்துப் பொருத்தும். பொருந்தாமல் போவது அங்கே பிரச்சினை என்றால், பொருந்தக் கூடாதது பொருந்துவது இங்கே பிரச்சினை.

பழைய பிஎச்பியில் சுழியம் எந்தச் சாதாரணச் சொல்லோடும் சமம். மதிப்பு 0 ஆக இருந்தால் எழுத்தால் ஆன முதல் கேஸே பொருந்திவிடும். 2020 நவம்பரில் வந்த 8.0 பதிப்பு இதைத் திருத்தியது. அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. எண் போல இருக்கும் இரண்டு ஸ்ட்ரிங்குகளை இன்றைக்கும் அது எண்ணாக மாற்றித்தான் ஒப்பிடுகிறது. '007' என்பதும் '7' என்பதும் சமம். '1.1' என்பதும் '1.10' என்பதும் சமம். பதிப்பு எண்ணை வைத்துப் பிரிக்கும் சுவிட்ச் ஒன்று எழுதிப் பாருங்கள்: '1.10' பதிப்பு கேட்டவருக்கு '1.1' பதிப்பின் கோடு ஓடும். இரண்டுமே ஸ்ட்ரிங், எழுதியவர் மேற்கோள் குறி போட்டுக் கவனமாகத்தான் எழுதியிருப்பார்.

இதைவிட மோசமானது ட்ரூ. ட்ரூ என்ற பூலியன் மதிப்பு, காலியாகவும் '0' ஆகவும் இல்லாத எந்த ஸ்ட்ரிங்கோடும் சமம். ஏபிஐக்கு வரும் ஜேசனை டிகோட் செய்து அதில் உள்ள ‘பங்கு’ என்ற மதிப்பைச் சுவிட்சுக்குக் கொடுக்கிறீர்கள், முதல் கேஸ் 'நிர்வாகி' என்று வைத்துக்கொள்வோம். அனுப்புகிறவர் அந்த இடத்தில் சொல்லுக்குப் பதிலாக, மேற்கோள் குறி இல்லாத ட்ரூவை அனுப்பினால் போதும். முதல் கிளை திறந்துவிடும். அதாவது யார் நிர்வாகி என்பதை நீங்கள் கேஸ் எழுதிய வரிசை தீர்மானிக்கிறது! இதைப் பிஎச்பி 8 தடுக்கவில்லை. வெளியிலிருந்து வரும் மதிப்பு ஸ்ட்ரிங்தானா என்று இஸ்_ஸ்ட்ரிங் வைத்து முதலில் சோதியுங்கள், அல்லது கீழே சொல்லும் மேட்சுக்கு மாறுங்கள்.

நல் மதிப்பும் அப்படித்தான்: காலி ஸ்ட்ரிங், சுழியம், ஃபால்ஸ் மூன்றோடும் சமம். டேட்டாபேஸில் காலியாக விடப்பட்ட நெடுவரிசை ‘சுழியம்’ கேஸில் போய் விழுவது இதனால்தான்.

பிரேக் என்னும் தலைவலி

பிரேக் போட மறந்தால் அடுத்த கேஸும் ஓடும். இதைப் பற்றி எல்லாரும் எழுதியாயிற்று. நான் நீட்ட விரும்பவில்லை. சி மொழியிலிருந்து ஜாவாஸ்கிரிப்டும் பிஎச்பியும் அப்படியே வாங்கிக்கொண்ட குணம் இது. சி ஷார்ப் இதைப் பிழை என்றே நிராகரிக்கும். கோ மொழியில் தானாக அடுத்ததற்கு விழாது. விழ வேண்டும் என்றால் அதற்கென்று உள்ள ஃபால்த்ரூ சொல்லை எழுதிக் கேட்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் ஈஎஸ்லின்ட் என்ற சோதனைக் கருவியின் நோ-ஃபால்த்ரூ விதியையும் டைப்ஸ்கிரிப்டில் நோஃபால்த்ரூகேசஸ்இன்சுவிட்ச் அமைப்பையும் போட்டுவிடுங்கள். மனிதன் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டிய பிழை இல்லை இது.

மனிதன் பார்க்க வேண்டியது வேறு: ஒரு லூப்புக்குள் சுவிட்ச், அதற்குள் பிரேக். எழுதியவர் லூப்பை விட்டு வெளியேற நினைத்திருப்பார். பிரேக் சுவிட்சை விட்டு மட்டும் வெளியேறும், லூப் தொடரும். ஒரு இஃப்புக்குள் போட்ட பிரேக்கும் அப்படித்தான், இஃப்பை விட்டுவிட்டு மொத்தச் சுவிட்சையும் முடித்துவிடும். 1990 ஜனவரி 15 அன்று ஏடி அண்ட் டி நிறுவனத்தின் தொலைதூரத் தொலைபேசி வலையமைப்பு அமெரிக்காவில் பல மணி நேரம் முடங்கியதற்குக் காரணம், சி மொழியில் சுவிட்சுக்குள் இருந்த இஃப்புக்குள் தவறாக உட்கார்ந்த ஒரு பிரேக்தான். 

கன்டினியூ இன்னும் குழப்பம். ஜாவாஸ்கிரிப்டில் சுவிட்சுக்குள் கன்டினியூ போட்டால் வெளியே உள்ள லூப்பின் அடுத்த சுற்றுக்குப் போகும். பிஎச்பியில் சுவிட்சும் ஒரு லூப் போலவே கணக்கு, அதனால் கன்டினியூ அங்கே பிரேக்காகத்தான் வேலை செய்யும்; லூப்பின் அடுத்த சுற்றுக்குப் போக கன்டினியூ 2 என்று எழுத வேண்டும். 7.3 முதல் இதற்கு வார்னிங் வருகிறது. வார்னிங்குகளை அணைத்து வைத்திருப்பவர்களுக்கு அதுவும் வராது.

இதற்கெல்லாம் என் மருந்து ஒன்றுதான்: சுவிட்சைத் தனி ஃபங்ஷனாக எடுத்துவிடுங்கள், ஒவ்வொரு கேஸிலும் ரிட்டர்ன் போடுங்கள்.

ஃபங்ஷன் செய்தி(நிலை) {
  சுவிட்ச் (நிலை) {
    கேஸ் 'திறந்தது': ரிட்டர்ன் 'பார்க்கிறோம்';
    கேஸ் 'காத்திருப்பு': ரிட்டர்ன் 'உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறோம்';
    கேஸ் 'முடிந்தது': ரிட்டர்ன் 'முடித்துவிட்டோம்';
    டிஃபால்ட்: த்ரோ நியூ எரர்('தெரியாத நிலை: ' + நிலை);
  }
}

பிரேக் என்ற சொல்லே இல்லை, ஆகவே மறக்கவும் வழி இல்லை. இன்னொரு குறையும் இதில் தீர்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் சுவிட்ச் ஒரு ஸ்டேட்மென்ட், மதிப்புத் தராது. கான்ஸ்ட் செய்தி = சுவிட்ச்... என்று எழுத முடியாது. அதனால் மேலே ஒரு லெட் மாறியை வெறுமனே அறிவித்துவிட்டு ஒவ்வொரு கேஸிலும் நிரப்புவார்கள். ஏதாவது ஒரு கிளையில் நிரப்ப விட்டுப்போனால் அன்டிஃபைன்ட் என்ற சொல் பக்கத்திலேயே அச்சாகும். ரியாக்டின் ஜேஎஸ்எக்ஸ் சுருள் அடைப்புக்குள்ளும் சுவிட்சை வைக்க முடியாது. ஃபங்ஷனாக்கிவிட்டால் இரண்டு இடத்திலும் கூப்பிட்டுக்கொள்ளலாம். ரிவ்யூவில் நான் கேட்கும் மாற்றங்களில் பாதிக்கு மேல் இந்த ஒன்றிலேயே முடிந்துவிடும்.

எல்லாக் கேஸுக்கும் ஒரே வீடு

கேஸுக்குக் கேஸ் தனி எல்லை இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் ஜாவாஸ்கிரிப்டில் முழுச் சுவிட்சும் ஒரே பிளாக். முதல் கேஸில் கான்ஸ்ட் பட்டியல் என்று அறிவித்துவிட்டு மூன்றாவதிலும் அதே பெயரை அறிவித்தால், ஏற்கெனவே அறிவிக்கப்பட்டது என்று சின்டாக்ஸ் எரர் வரும். அதாவது வந்தால் நல்லது, உடனே தெரிந்துவிடும். தந்திரமானது இது: முதல் கேஸில் அறிவித்த பெயரை இரண்டாவதில் அறிவிக்காமலே பயன்படுத்துவது. பெயர் தெரியும், ஆனால் அதற்கு மதிப்புக் கொடுக்கும் வரி ஓடவில்லை. ஓடும் நேரத்தில் ரெஃபரென்ஸ் எரர். அந்த இரண்டாவது கேஸ் அரிதாக வருவது என்றால் பல நாள் கழித்துத்தான் வெடிக்கும். வார் (var) போட்டு எழுதிய பழைய கோடாக இருந்தால் எரரும் வராது, அன்டிஃபைன்ட்டோடு ஓடிக்கொண்டே இருக்கும்.

மாறி அறிவிக்கும் ஒவ்வொரு கேஸையும் அதற்கென ஒரு சுருள் அடைப்புக்குள் வையுங்கள். ஈஎஸ்லின்டின் நோ-கேஸ்-டிக்ளரேஷன்ஸ் விதி இதை நினைவூட்டும். ஒரு கேஸுக்குள் பத்துப் பதினைந்து வரி வந்துவிட்டால் அடைப்பு போதாது. அதைத் தனி ஃபங்ஷனாக்கும் நேரம் வந்துவிட்டது.

எல்லையும் இடைவெளியும்

சர்வர் அனுப்பும் எச்டிடிபி நிலை எண்ணை எடுத்துக்கொள்வோம். 200 முதல் 299 வரை வெற்றி; 404 என்றால் பக்கம் இல்லை; மற்ற 400களில் தவறு நம் கோரிக்கையில்; 500களில் தவறு சர்வரில். இடைவெளியை கேஸில் எழுத முடியாது. ஒவ்வொன்றாக 200, 201, 204 என்று அடுக்கினால், யாரோ 202 அனுப்பும் நாளில் அது டிஃபால்ட்டில் விழும்.

உடனே வரும் யோசனை சுவிட்ச் (ட்ரூ). அடைப்புக்குள் ட்ரூ, கேஸ்களில் நிபந்தனை. ஜாவாஸ்கிரிப்டில் கேஸில் எந்த எக்ஸ்பிரஷனும் வரலாம், மேலிருந்து கீழாகப் பொருந்தும் வரை மதிப்பிட்டுக்கொண்டே வரும், ஆகவே ஓடும். ஆனால் ஒப்பீடு மூன்று சமக்குறி என்பதை மறக்காதீர்கள்: கேஸின் விடை அசல் ட்ரூவாகவே இருக்க வேண்டும். கேஸ் பெயர்.லெங்த் என்று எழுதினால் நீளம் 5 ஆக இருந்தாலும் 5 === ட்ரூ இல்லை, பொருந்தாது. இஃப்பில் செல்லுபடியாகும் அதே நிபந்தனை இங்கே செல்லாது. டைப்ஸ்கிரிப்டும் 5.3 பதிப்பில்தான் (2023) சுவிட்ச் (ட்ரூ) கேஸ்களுக்குள் வகையைக் குறுக்கிப் புரிந்துகொள்ளத் தொடங்கியது.

என்னைக் கேட்டால், சுவிட்ச் (ட்ரூ) என்பது வேஷம் போட்ட இஃப்-எல்ஸ். இஃப்-எல்ஸையே எழுதிவிடலாம். நிலை எண்ணுக்கு இன்னும் எளிய வழி உண்டு: தனியாகக் கவனிக்க வேண்டிய 404ஐ முதலில் ஒரு இஃப் வைத்துப் பிடித்துவிட்டு, எண்ணை நூறால் வகுத்து மேத்.ஃப்ளோர் கொடுத்தால் 2, 4, 5 என்று முழு எண் கிடைக்கும். அதைச் சுவிட்சுக்குக் கொடுங்கள். கேள்வியைச் சமக் கேள்வியாக மாற்றிக் கொடுத்துவிட்டால் சுவிட்ச் ஒழுங்காக வேலை செய்யும்.

இரண்டு மதிப்பு சேர்ந்து முடிவு செய்யும் இடத்திலும் இதே சங்கடம். நிலை என்ன, பயனர் அழுத்திய பொத்தான் என்ன என்று இரண்டையும் பார்க்க வேண்டும் என்றால் சுவிட்சுக்குள் சுவிட்ச் வரும். உள்ளே உள்ள பிரேக் எதற்குச் சொந்தம் என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். பிஎச்பி மேட்சில் இரண்டையும் ஓர் அரேயாக்கிக் கொடுக்கலாம், அங்கே அரேக்களை உள்ளடக்கம் பார்த்து ஒப்பிடும். ஜாவாஸ்கிரிப்டில் அது நடக்காது. இரண்டையும் முக்காற்புள்ளி வைத்து ஒட்டி ஒரே ஸ்ட்ரிங்காக்குவது அங்கே கைக்கு வரும் வழி: 'திறந்தது:மூடு' என்று.

அட்டவணையாக மாற்றுவது

நான் அதிகம் பரிந்துரைப்பது இதைத்தான், ஆகவே கொஞ்சம் விரிவாக.

வாடிக்கையாளர் உதவி டிக்கெட் நிரல் ஒன்று. டிக்கெட்டின் நிலைக்கு ஏற்ப எழுத்துப் பட்டை ஒரு கோப்பில், நிறம் இன்னொன்றில், அடுத்து எந்த நிலைக்குப் போகலாம் என்பது மூன்றாவதில். மூன்றிலும் அதே கேஸ்களோடு ஒரு சுவிட்ச். ‘மறுதிறப்பு’ என்று புதிய நிலை ஒன்று வருகிறது. சேர்க்கிறவர் இரண்டு இடத்தைக் கண்டுபிடித்து எழுதிவிடுவார், மூன்றாவது விட்டுப்போகும். ஒரே கேஸ் பட்டியல் இரண்டாவது தடவை கண்ணில் பட்டால், அது சுவிட்சாக இருக்க வேண்டியதே இல்லை, தகவலாக இருக்க வேண்டும் என்று அர்த்தம்:

கான்ஸ்ட் நிலைகள் = நியூ மேப்([
  ['திறந்தது', { பட்டை: 'புதிது', நிறம்: 'நீலம்', அடுத்து: ['காத்திருப்பு', 'முடிந்தது'] }],
  ['காத்திருப்பு', { பட்டை: 'பதில் வேண்டும்', நிறம்: 'மஞ்சள்', அடுத்து: ['திறந்தது', 'முடிந்தது'] }],
  ['முடிந்தது', { பட்டை: 'முடிந்தது', நிறம்: 'பச்சை', அடுத்து: ['மறுதிறப்பு'] }],
  ['மறுதிறப்பு', { பட்டை: 'மீண்டும்', நிறம்: 'சிவப்பு', அடுத்து: ['முடிந்தது'] }],
]);

புதிய நிலை என்றால் ஒரு வரி. ஒரு நிலைக்கு நிறம் விட்டுப்போயிருந்தால் அட்டவணையைப் பார்த்தாலே பல் விழுந்த வாய் மாதிரி தெரியும். சுவிட்சால் முடியாத இன்னொன்றும் இதனால் முடியும்: நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே சேர்ப்பது. சுவிட்சுக்கு வெளியிலிருந்து யாரும் ஒரு கேஸைச் செருக முடியாது. பிளகின் எழுதுகிறவர் மேப்பில் ஒரு செட் கூப்பிட்டால் போதும்.

ஏன் மேப், சாதாரண ஆப்ஜெக்ட் போதாதா என்று கேட்பார்கள். சுருள் அடைப்பால் எழுதும் ஆப்ஜெக்டுக்குப் பரம்பரைச் சொத்து உண்டு. நீங்கள் எழுதாத கன்ஸ்ட்ரக்டர், டுஸ்ட்ரிங் போன்ற பெயர்கள் அதில் ஏற்கெனவே இருக்கின்றன. யூஆர்எல்லிலிருந்து வந்த சொல்லை நேராக ஆப்ஜெக்டில் தேடி, கிடைத்ததை ஃபங்ஷனாகக் கூப்பிட்டால், யாரோ ‘கன்ஸ்ட்ரக்டர்’ என்று அனுப்பும்போது கிடைக்காமல் போவதற்குப் பதில் ஏதோ ஒன்று கிடைத்து ஓடும். ஆப்ஜெக்ட்தான் வேண்டும் என்றால் ஆப்ஜெக்ட்.ஹேஸ்ஓன் வைத்துச் சோதித்துவிட்டு எடுங்கள். இன்னொரு வேறுபாடு: ஆப்ஜெக்டில் 1, '1' இரண்டும் ஒரே கீ ஆகிவிடும், மேப் இரண்டையும் தனியாக வைத்துக்கொள்ளும். கேஸில் ஒருபோதும் பொருந்தாத அந்த நேன் மதிப்புகூட மேப்பில் கீயாக இருந்தால் கிடைக்கும்.

பிஎச்பி அரேயை அட்டவணையாக்கினால், கீயாக '1' கொடுத்தால் அது எண் 1 ஆக மாறிச் சேமிக்கப்படும், '01' ஸ்ட்ரிங்காகவே இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இல்லாத கீக்கு இரட்டைக் கேள்விக்குறி (??) போட்டு மாற்று மதிப்பைச் சொல்லிவிடலாம்.

அட்டவணையில் அடிக்கடி பார்க்கும் ஒரு தவறு: மதிப்பின் இடத்தில் ஃபங்ஷனை அடைப்புக்குறி போட்டு எழுதிவிடுவது. அப்படி எழுதினால் அட்டவணை உருவாகும்போதே எல்லாக் கிளைகளும் ஓடிவிடும், மின்னஞ்சல் அனுப்பும் கிளை உட்பட. ஃபங்ஷனின் பெயரை மட்டும் வையுங்கள். தேடி எடுத்த பிறகு கூப்பிடுங்கள்.

டிஃபால்ட்டில் என்ன போடுவது?

‘ஒன்றும் செய்யாதே’ என்று டிஃபால்ட் எழுதியிருந்தால் நான் காரணம் கேட்பேன். தெரியாத மதிப்பு வந்தது என்பதே ஒரு செய்தி. பொதுவாக எரர் எறியுங்கள், மதிப்பையும் செய்தியில் சேர்த்துவிடுங்கள்.

விதிவிலக்கு ரீடக்ஸ், அதாவது ஆப்பின் தரவை (ஸ்டேட்) ஓரிடத்தில் வைத்து நிர்வகிக்கும் நூலகம். அங்கே ஸ்டேட்டை மாற்றும் ஃபங்ஷனான ஒவ்வொரு ரெட்யூசருக்கும் எல்லா ஆக்‌ஷனும் வரும், தொடக்கத்தில் ரீடக்ஸே அனுப்பும் ஆக்‌ஷன் உட்பட. தனக்குத் தெரியாததற்கு ஸ்டேட்டை அப்படியே திருப்பித் தர வேண்டும். எரர் எறிந்தால் ஆப் திறக்கவே திறக்காது. புதிதாக எழுதுகிறவர்கள் ரீடக்ஸ் டூல்கிட்டின் கிரியேட்ஸ்லைஸைப் பயன்படுத்தினால் அந்தச் சுவிட்சே தேவையில்லை.

டைப்ஸ்கிரிப்டில் நிலைகளை யூனியன் வகையாக (‘இவற்றில் ஏதோ ஒன்று’ என்னும் வகை) அறிவித்திருந்தால், டிஃபால்ட்டில் அந்த மாறியை எந்த மதிப்பையும் ஏற்காத நெவர் வகைக்கு அசைன் செய்து ஒரு வரி வையுங்கள். எல்லா நிலைகளுக்கும் கேஸ் இருக்கும்வரை அந்த வரி அமைதியாக இருக்கும். யாராவது யூனியனில் ஒரு நிலையைச் சேர்த்துவிட்டு இங்கே கேஸ் எழுத மறந்தால் கம்பைலர் அதே வரியில் பிழை காட்டும். அதற்காக எரர் எறியும் வரியை எடுத்துவிடாதீர்கள். வகைகள் கம்பைல் ஆகும்வரைதான். ஏபிஐயிலிருந்து வரும் பதிலுக்கு உங்கள் யூனியன் தெரியாது.

டிஃபால்ட்டை நடுவில் வைக்கவும் மொழி அனுமதிக்கிறது. வைக்காதீர்கள். பிரேக் இல்லாவிட்டால் அதிலிருந்து கீழே உள்ள கேஸுக்கு விழும்.

பிஎச்பி மேட்சுக்கு மாறுவது

8.0 பதிப்போடு வந்த மேட்ச், மேலே சொன்ன பல குறைகளுக்கு ஒரே பதில். மூன்று சமக்குறிக் கணக்கு, பிரேக் கிடையாது, மதிப்புத் தரும், பல மதிப்புகளைக் காற்புள்ளியால் சேர்க்கலாம், எதுவும் பொருந்தாமல் டிஃபால்ட்டும் இல்லையென்றால் அன்ஹேண்டில்டு மேட்ச் எரர் எறியும். குறை, ஒரு கிளைக்கு ஒரு எக்ஸ்பிரஷன்தான். நான்கு வரி வேண்டும் என்றால் ஃபங்ஷனாக்கிக் கூப்பிட வேண்டும். எனக்கு அது குறையாகப் படவில்லை.

ஆனால் பழைய சுவிட்சைக் கண்ணை மூடிக்கொண்டு மேட்சாக மாற்றாதீர்கள். இத்தனை நாள் தளர்வான ஒப்பீடு மூடி வைத்திருந்த வகைக் குழப்பமெல்லாம் அன்றைக்கு வெளியே வரும். மாற்றும் வரிசை இதுதான். முதலில் மதிப்பு வரும் எல்லா வழிகளையும் பிடியுங்கள். கெட், போஸ்ட் வழி வருபவை ஸ்ட்ரிங் (அல்லது அரே). டேட்டாபேஸிலிருந்து வருவது பதிப்பைப் பொறுத்தது: பிடிஓவில் (டேட்டாபேஸோடு பேசும் பிஎச்பி பகுதி) எமுலேட் செய்த பிரிப்பேர் இருந்தால் மைஎஸ்க்யூஎல் எண்கள் 8.1க்கு முன் ஸ்ட்ரிங்காக வந்தன, 8.1 முதல் எண்ணாகவே வருகின்றன. '1' என்று மேட்சில் எழுதி 8.0இல் ஓடிய கோடு, பதிப்பை ஏற்றிய அன்று எரர் எறியும்.

அடுத்து, நுழையும் இடத்தில் வகையைச் சரிசெய்யுங்கள். (இன்ட்) என்று காஸ்ட் போட்டால் எழுத்துக் குப்பை சுழியமாகிவிடும், மறுபடி கேஸ் 0 கதை. ஃபில்டர்_வார் ஃபங்ஷனை ஃபில்டர்_வேலிடேட்_இன்ட் கொடுத்துக் கூப்பிட்டால் எண் இல்லாதபோது ஃபால்ஸ் தரும். அதை அங்கேயே நிராகரிக்கலாம். 8.1இல் வந்த ஈனமாக (enum, அனுமதித்த மதிப்புகளைப் பெயரிட்டு அடுக்கிய வகை) மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது: ட்ரைஃப்ரம் தெரியாத மதிப்புக்கு நல் தரும், அதற்கப்புறம் உள்ளே எங்கும் சந்தேகமே இல்லை. ஈனம் மேல் மேட்ச் எழுதும்போது டிஃபால்ட் போடாதீர்கள். விட்டுப்போன கிளையை பிஎச்பிஸ்டான் என்ற சோதனைக் கருவி காட்டிக்கொடுக்கும், டிஃபால்ட் இருந்தால் காட்டாது.

வேகத்துக்காகச் சுவிட்சை விடமாட்டேன் என்பவர்களுக்கு: கேஸ்கள் எல்லாம் முழு எண்ணாகவோ எல்லாம் எண் போல இல்லாத ஸ்ட்ரிங்காகவோ இருந்தால் பிஎச்பி 7.2 முதல் நேராகத் தாவும் அட்டவணையாக்கிவிடுகிறது. உண்மைதான். டேட்டாபேஸ் பதிலுக்காகக் காத்திருக்கும் பக்கத்தில் அதை யாரும் உணரப்போவதில்லை.

பைத்தான், ரூபி, ஜாவா பக்கம் போகிறவர்களுக்கு

பைத்தானில் வெகுகாலம் சுவிட்சே இல்லை. பைத்தானை உருவாக்கிய குய்டோ வான் ராசம் 2006இல் எழுதிய ஒரு முன்மொழிவை, 2007 பைகான் மாநாட்டு உரையில் கைதூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஆதரவில்லை என்று அவரே தள்ளுபடி செய்தார். 2021இல் 3.10 பதிப்பில் மேட்ச் வந்தது. அது சுவிட்ச் போலத் தெரியும், ஆனால் வடிவம் பார்க்கும் கருவி. கேஸில் புள்ளி இல்லாத வெறும் பெயரை எழுதினால் அந்த மாறிலியோடு ஒப்பிடாது. வந்த மதிப்பை அந்தப் பெயருக்குள் போட்டுக்கொண்டு, பொருந்திவிட்டது என்று சொல்லும். அது கடைசிக் கேஸ் இல்லையென்றால் சின்டாக்ஸ் எரர் காப்பாற்றும். கடைசி என்றால் எதுவும் காப்பாற்றாது. மாறிலிகளை ஈனத்திலோ மாட்யூலிலோ வைத்துப் புள்ளி சேர்த்து எழுதுங்கள். அப்புறம், கேஸ் 1 என்பது ட்ரூவையும் பிடிக்கும்.

ரூபியின் கேஸ்-வென் இடைவெளி, ரெகெக்ஸ், கிளாஸ் எல்லாவற்றையும் பொருத்தும். அங்கே மூன்று சமக்குறிக்கு அர்த்தமே வேறு. ஆப்ஜெக்டை நேராகக் கொடுங்கள். அதன் கிளாஸைக் கேட்டுக் கொடுத்தால் வென் ஸ்ட்ரிங் பொருந்தாது. ஜாவாவில் சுவிட்சுக்கு நல் வந்தால் நல் பாயின்டர் எக்ஸெப்ஷன். 21 பதிப்பு முதல் கேஸ் நல் எழுதலாம்.

சுவிட்சை அப்படியே விட்டுவிடும் இடமும் உண்டு. விசை அழுத்தத்தைக் கவனிக்கும் கோடில் 'எஸ்க்', 'எஸ்கேப்' என்று இரண்டு கேஸ் அடுத்தடுத்து, நடுவில் எதுவும் இல்லாமல் இருக்கும். பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் பழைய எட்ஜும் முதல் பெயரைத் தந்தன, மற்றவை இரண்டாவதைத் தருகின்றன. அம்பு விசைகளுக்கும் அப்படியே 'லெஃப்ட்', 'ஆரோலெஃப்ட்'. ஒரே மாறி, விரல்விட்டு எண்ணக்கூடிய மதிப்புகள், எல்லாம் ஸ்ட்ரிங், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வேலை. அங்கே மேப் போட்டு மாற்றி ஒரு புல் ரிக்வெஸ்ட் வந்தால் நான் மூடிவிடுவேன்.